இளையோர் பேச்சும் கைப்பேசித் தமிழும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் பள்ளி மாணவர்களுக்கும், அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கும் மாலை நேரத்தில் தமிழ் கற்பித்து வருகிறேன். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி எனச் சுற்றுப்புறம் எங்குமிருந்து வரும் பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘செம’, ‘கெத்து’, ‘வேற லெவல்’ என்று பிள்ளைகள் பேசுவது எழுத்துத் தமிழைக் கெடுத்துவிடாதா?

கெடுக்காது. இளையோர் வழக்குச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறையோடு பிறந்து அந்தத் தலைமுறையோடே ஓய்ந்துவிடுகின்றன. எஞ்சி நிற்கும் சிலவற்றை மொழி தனக்கு வேண்டியவை என்று கண்டு வைத்துக்கொள்கிறது. சாவியும் அலமாரியும் ஜன்னலும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை; இன்று அவற்றை அந்நியம் என்று எவரும் ஒதுக்குவதில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காகப் பகுக்கும் தொல்காப்பியம், வெளியிலிருந்து வந்த சொற்களுக்கும் செய்யுளில் இடம் தருகிறது. பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு வேறொரு வடிவமும் இருப்பது தமிழின் நெடுநாள் இயல்பு. அது கைப்பேசியோடு வந்த குறை அன்று.

நான் திருத்தும் விடைத்தாள்களே இதற்குச் சான்று. தேர்வில் எழுதும் கட்டுரையில் ‘கெத்து’ என்று எழுதும் மாணவரை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன். எங்கே எதைப் பேச வேண்டும் என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். நான் சிவப்பு மையால் வட்டமிடுபவை வேறு: ‘பன்னினான்’, ‘மனல் பரப்பு’, ‘களை நிகழ்ச்சி’, ‘முயற்ச்சி’, ‘வெட்க்கம்’. இவற்றில் ஒன்றுகூடத் தெருப்பேச்சிலிருந்து வந்தது அன்று.

அப்படியானால் கவலைப்பட வேண்டியது எதைப் பற்றி?

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தைப் பற்றி. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ல, ள ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நாம் எழுதுவது ஒரே எழுத்தை. ந, ன, ண ஆகிய மூன்றுக்கும் ஓர் எழுத்து. ர, ற ஆகிய இரண்டுக்கும் ஓர் எழுத்து. குறில் நெடில் வேறுபாட்டைப் பெரும்பாலோர் காட்டுவதே இல்லை. கலை, களை, காலை, காளை ஆகிய நான்கு சொற்களும் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரே எழுத்துக்கோவையாகத் தோன்றுகின்றன. மனம், மணம், மானம் என்பவையும் அப்படியே. பள்ளியும் பல்லியும், மரமும் மறமும் அப்படியே. படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார் என்பதால் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால், எது எந்த எழுத்து என்று தீர்மானிக்கும் வேலையை எழுதுபவரின் கை ஒருமுறைகூடச் செய்வதில்லை.

இந்த இழப்பு வடசென்னையில் கூடுதலாக உறைக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. ந, ன வேறுபாட்டை இன்று தமிழ்நாட்டில் எவரும் காதால் கேட்டு அறிவதில்லை. ர, ற வேறுபாடும் பெரும்பாலான பகுதிகளின் அன்றாடப் பேச்சில் மறைந்துவிட்டது. நம் பகுதியில் ழகரமும் பல வாய்களில் வேறு ஒலியாகிவிடுகிறது: வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிறது, இழுத்துக்கொண்டு என்பது ‘இஸ்துகினு’ ஆகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எல்லா வட்டாரங்களிலும் ஒலிகள் இப்படித்தான் மாறுகின்றன. ஆனால் காது காட்டித்தராத வேறுபாட்டைக் கண்ணும் கையும்தான் நினைவில் வைத்திருந்தன. ‘மறதி’ என்பதில் எந்த ரகரம் வரும் என்பதை, அச்சொல்லைப் பலமுறை படித்தும் எழுதியும் அறிந்தோமே தவிர, கேட்டு அறியவில்லை. நாள்தோறும் பல மணி நேரம் எழுதும் ஒரு பிள்ளை, அத்தனை நேரத்திலும் தமிழெழுத்தைத் தொடாமலே இருந்தால், அந்த நினைவு உருவாவதற்கு வழியே இல்லாமல் போகிறது.

நம் பிள்ளைகள் ஏன் ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள்? தமிழ்ப் பற்று இல்லாததாலா?

பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவி அப்படி அமைந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் 160 குறியீடுகள் வரை எழுதலாம்; தமிழ் போன்ற பிற எழுத்துகளில் எழுதினால் 70தான். ஒரு செய்தி சுமக்கக்கூடிய அளவு 140 பைட்டுகள், அதாவது 1120 பிட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும், தமிழுக்குப் பதினாறு பிட்டுகள் தேவைப்பட்டன. அந்த 70ம் முழுதாக 70 எழுத்துகளாக அமைவதில்லை. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐந்தெழுத்துச் சொல்லான ‘வணக்கம்’ ஏழு இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த காலத்தில், தமிழெழுத்தில் எழுதியவர் இரண்டு மடங்குக்கும் மேலாகச் செலவிட வேண்டியிருந்தது. தினக்கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்று விளக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய தடையும் இருந்தது. விலை குறைந்த பழைய கைப்பேசிகளில் தமிழெழுத்துரு இல்லை; தமிழில் வந்த செய்தி வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலி 2005இல் வந்தது. ஆயினும் எளிய மக்கள் வாங்கும் கைப்பேசியில் தமிழைப் பிழையின்றிப் பார்க்கவும் எழுதவும் முடிந்த காலம் அதற்கும் பின்னரே வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் ஆங்கில விசைகளுக்குப் பழகிவிட்டன. அவர்களைப் பார்த்துத் தம்பி தங்கைகளும் பழகினர். தடை நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை. இன்று எந்தத் திறன்பேசியிலும் தமிழ் விசைப்பலகையைச் செலவில்லாமல் நிறுவிக்கொள்ளலாம் என்பதால், பழைய காரணம் எதுவும் இப்போது நம்மைக் கட்டிப்போடவில்லை.

கைப்பேசியில் எழுதுவது கைப்பேசிக்குள்தானே இருக்கிறது? அதனால் யாருக்கு என்ன?

வெளியே வந்துவிடுகிறது. நம் தெருக்களில் பிறந்தநாளுக்கும், காதணி விழாவுக்கும், கண்ணீர் அஞ்சலிக்கும் வைக்கப்படும் பிளக்ஸ் பலகைகளைப் பாருங்கள். வாசகத்தை வாட்ஸாப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்புகிறார்கள். கடையில் இருக்கும் வடிவமைப்பாளர் தமக்குத் தோன்றிய எழுத்தில் அதைத் தமிழாக்குகிறார். அனுப்பியவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்கிறார். எங்கள் தெருவில் மறைந்த ஒரு பெரியவரின் பலகையில் அவருடைய பெயரே பிழையாக அச்சாகி, அவர் மகள் அதைப் பார்த்து அழுததை நான் அறிவேன். வாழ்நாள் முழுதும் ஒரு விதமாக எழுதப்பட்ட பெயர், அவர் போன பிறகு வேறு விதமாகச் சுவரில் நின்றது. குடிநீர் இணைப்புக்கும், பட்டாவுக்கும், உதவித்தொகைக்கும் எழுதும் விண்ணப்பங்களிலும் இதே நிலைதான். பெயரில் ஓர் எழுத்து மாறினால் குடும்ப அட்டையோடு பொருந்தாமல் அலைய வேண்டியிருக்கும் என்பதை இப்பகுதியில் அனுபவித்து அறியாத குடும்பம் குறைவு.

கருவிகள் தமிழ் எழுத்தை மாற்றுவது இதுதான் முதல் முறையா?

இல்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளியில்லாமலே எழுதினார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் அன்று வேறுபாடு காட்டியது புள்ளி ஒன்றே. அது விடுபட்டபோது படிப்பவர் இடம் பார்த்தே பொருள் கொண்டனர். இன்று ஆங்கில எழுத்தில் தமிழ் படிப்பவர் படும் பாடும் ஏறக்குறைய அதுவே. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெட்டெழுத்துகளுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தைத் தீர்த்தார். பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளில் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா, லை, ளை முதலியவை இன்றைய உருவம் பெற்றதால் அச்சுக்கோப்பதும் தட்டச்சுச் செய்வதும் எளிதாயின. கருவியின் குறைக்கு ஏற்ப எழுத்து நலிந்ததும் உண்டு. மக்கள் எண்ணித் துணிந்து எழுத்தைச் சீர்ப்படுத்தியதும் உண்டு. இரண்டாவதை நம்மாலும் செய்ய முடியும் என்றே நான் நம்புகிறேன்.

சுருக்கி எழுதுவது குழந்தைகளின் மொழித்திறனை வளர்க்கிறது என்று வெளிநாட்டு ஆய்வு சொல்கிறதாமே?

இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயது வரையிலான 88 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2009இல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்தியில் சுருக்க வடிவங்களை மிகுதியாகக் கையாண்ட குழந்தைகள் சொற்களைப் படிக்கும் திறனில் பின்தங்கவில்லை. சற்று முன்னேறியே இருந்தனர். சொல்லின் ஒலியைப் பிரித்துப் பார்த்து விளையாடினால்தான் அப்படிச் சுருக்க முடியும் என்பதால் இதில் வியப்பில்லை. ஆயினும் அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே சுருக்கினார்கள். தம் மொழியின் எழுத்துகளோடு அவர்களுக்கு இருந்த உறவு அறுபடவில்லை. நம் பிள்ளைகள் எழுத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே அந்த முடிவை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. தமிழெழுத்தில் சுருக்கி விளையாடினால் நான் மகிழ்வேன்.

வடசென்னைப் பேச்சை ‘லோக்கல்’ என்று மற்றவர்கள் இகழ்கிறார்கள். என் மகன் வெளியே பேசக் கூசுகிறான். நான் என்ன சொல்வது?

கூச வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். துறைமுகமும், ரயில் பணிமனைகளும், ஆலைகளும், மீன்பிடித் துறையும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் இது. தமிழோடு தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் தோளோடு தோள் உரசி வேலை செய்த இடத்தில் பிறந்தது இந்தப் பேச்சு. நைனாவும், நாஷ்டாவும், பேஜாரும், உஷாரும் அப்படி வந்தவை. சுமை தூக்கியவர்களும், வலை இழுத்தவர்களும், ஆலைச் சங்கு கேட்டு ஓடியவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தேவைப்பட்ட மொழி இது. திரையில் அடியாளுக்கும் நகைச்சுவைக்கும் மட்டும் இதைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஜெயகாந்தன் போன்ற எழுத்தாளர்கள் சென்னைக் குடிசைவாழ் மக்களின் பேச்சை மதிப்போடு அச்சில் ஏற்றியபோது, அதில் எந்த உணர்வையும் சொல்ல முடியும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். செந்தமிழும் இந்த மண்ணுக்கு அந்நியம் அன்று. இராமலிங்க அடிகள் ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்து, கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் பாடினார். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அவர்களிடையே தூய இனிய தமிழில் பேசியவர் திரு.வி.க. பள்ளி செல்லும் வாய்ப்பே கிடைக்காத பலர் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள். எளியவர்களுக்குப் புரியாது என்று எண்ணி அவர் தம் தமிழைக் குறைத்துக்கொள்ளவில்லை. எழுத்துத் தமிழ் படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் உரியது, பேச்சுத் தமிழ் மட்டுமே நமக்கு உரியது என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் விதைப்பவர்கள்தாம் அவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள். இரண்டும் நம்முடையவை.

தேர்வில் பேச்சு வழக்கில் எழுதலாமா?

உரையாடலாக எழுதச் சொன்ன இடத்தில், பாத்திரத்தின் பேச்சாக எழுதலாம். மற்ற இடங்களில் எழுத்து நடையே வேண்டும். குரூப் 4 தேர்வு எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: தமிழ்ப் பகுதியில் குறைந்தது 40 விழுக்காடு பெற வேண்டும், பெறாவிட்டால் பொது அறிவில் எவ்வளவு வல்லவராயினும் பயனில்லை. பிழை திருத்தமும், ஒலி வேறுபாடு அறிந்து பொருள் காண்பதும் அப்பகுதியில் கேட்கப்படுகின்றன. ஆங்கில எழுத்துப் பழக்கத்தால் முதலில் மங்குவது சரியாக இந்த அறிவுதான்.

எமோஜியைத் தடுக்க வேண்டுமா?

வேண்டாம். முகமும் குரலும் இல்லாத எழுத்தில் குறிப்பு உணர்த்த அது உதவுகிறது. விண்ணப்பத்தில் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கைப்பேசியே சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. பேசினால் தானே எழுதுகிறது. இது நல்லதுதானே?

பாதி நல்லது. எழுதப் படிக்கத் திணறும் முதியவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சு பெரிய வாசலைத் திறந்திருக்கிறது. காசிமேட்டு ஏலத்தில் அன்றைய விலையைத் தமிழெழுத்தில் அனுப்பும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இதற்கு முன் எதையும் எழுதியதில்லை. ஆனால் அந்தக் கருவி பெரும்பாலும் செய்தி வாசிப்பு நடைக்குப் பழக்கப்பட்டது. நம் பேச்சை அது பிழைபடக் கேட்கிறது. ‘அத்தொட்டு’ (அதனால்) என்றால் திகைக்கிறது. அதனால் கருவிக்காகப் பேச்சையே மாற்றிக்கொள்ளும் நிலை வருகிறது.

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் விசைப்பலகையிலோ வேறு சிக்கல் உண்டு. அது இரண்டு மூன்று சொற்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மாணவர் முதலில் தெரிவதைத் தொட்டுவிடுகிறார். ‘பணி’ வேண்டிய இடத்தில் ‘பனி’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டும் சரியான சொற்களே என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் எச்சரிப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரையை மாணவர் பயன்படுத்தலாமா?

ஐயம் கேட்கவும், தாம் எழுதியதைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். எழுதப் பழகும் வயதில் எழுதும் வேலையையே அதற்குக் கொடுத்துவிட்டால் பழக்கம் எங்கிருந்து வரும்? அதன் தமிழில் ஆங்கிலத் தொடரமைப்பு பலமுறை அப்படியே தெரிகிறது. அதைக் கண்டு திருத்துமளவு தேறியவர்களுக்கே அது நல்ல துணை.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

முதலில் பிள்ளையின் கைப்பேசியில் தமிழெழுத்து விசைப்பலகையை நிறுவுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 அமைப்பை நான் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழுந்து ‘க்க’ என்று வரும். எல்லாவற்றையும்விட, ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விசைகள் இருப்பதால் ஒவ்வொரு முறையும் விரல் தெரிந்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. தொடக்கத்தில் கை மெதுவாகத்தான் போகும். பழகப் பழக வேகம் வந்துவிடும்.

அடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் தமிழெழுத்தில் மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். நடை எப்படியும் இருக்கட்டும். ‘இன்னாடா, துன்ட்டியா?’ என்று அம்மா தமிழெழுத்தில் கேட்பது, அதையே ஆங்கில எழுத்தில் கேட்பதைவிட நூறு மடங்கு மேல். பிழை கண்டால் எல்லோர் முன்னும் ஏளனம் செய்யாதீர்கள். ஏளனத்துக்கு அஞ்சித்தான் பலர் ஆங்கில எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே பிழையென்று எதுவும் இல்லையே. ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து வராது என்ற ஒரே விதியைச் சொல்லிக்கொடுத்தாலே ‘முயற்ச்சி’யும் ‘வெட்க்கம்’மும் நின்றுவிடும்.

நான் வடசென்னைப் பேச்சிலேயே கதையும் கானா பாடலும் எழுத விரும்புகிறேன். எப்படி எழுத்துக்கூட்டுவது?

கட்டாயம் எழுதுங்கள், தமிழெழுத்தில் எழுதுங்கள். ‘வந்துகினு’ என்பதா ‘வந்துகினே’ என்பதா, ‘வூடு’ என்பதா ‘ஊடு’ என்பதா என்று உங்கள் காது எதைக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, ஒரு படைப்பு முழுவதும் அதையே கையாளுங்கள். பொதுவழக்கோடு ஒத்திருக்கும் சொற்களை வேண்டுமென்றே சிதைக்காதீர்கள். வேறுபடும் இடத்தில் மட்டும் வேறுபாட்டைக் காட்டினால் படிப்பவர் திணறமாட்டார். பேச்சில் ழகரம் மறைந்திருந்தாலும், மூலச்சொல் எது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்; எழுத்து நடை தெரிந்தவர்தான் பேச்சு நடையைத் துல்லியமாக எழுத முடியும். கடைசியாக, உங்கள் பாட்டி தாத்தாவிடம் பேசுங்கள். மீனுக்கும் வலைக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் எத்தனையோ இன்னும் எங்கும் எழுதப்படவே இல்லை. அவற்றை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே, தமிழெழுத்தில், எந்தப் பொருளில் எப்போது சொல்கிறார்கள் என்ற குறிப்போடு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். ஐயம் வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.